பத்துப் பச்சை அட்டைகள்

வரும் சனிக்கிழமை ஸ்கூடாயில் என் வீட்டில் கூடும்போது என்ன விளையாட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ரயில் குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்த நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தேன். ஒருவர் கேரம் என்றார். முட்டி மடங்காதவர்கள் தரையில் உட்கார முடியாது என்று இன்னொருவர் மறுத்தார். சிங்கப்பூரில் இருப்பவர் தம் பேரனுடைய பெட்டி விளையாட்டைப் படம் எடுத்து அனுப்பினார்: நாலு நிறத்தில் மரக்குதிரைகள், விதிகளுக்கென்று தனியாக ஒரு புத்தகம். அதைப் படித்து முடிப்பதற்குள் கோப்பி ஆறிவிடும் என்று யாரோ எழுதினார்கள். கடைசியாக, ஆறாவது வீட்டுக்காரரின் பதிவு: "இவங்க மாமா வர்றாராமே? அப்ப அட்டைய எண்ணி வைங்கலா. கள்ளாட்டக்காரரு!"

அதற்குக் கீழே பதினொரு சிரிப்பு முகங்கள். எண்ணினேன். எண்ணுவதும் நாளைக் குறிப்பதும் என் பழக்கம், உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சிரிப்பு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. நம் கல்யாணங்களிலும் காதுகுத்துகளிலும், கருமாதி முடிந்து சீட்டு விரிக்கும் இடத்திலும்கூட, என் மாமா தலையைக் கண்டதும் யாராவது ஒருவர் அட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் சமையலறைப் பக்கம் போய்விடுவேன். ஏன் போனேன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். விளையாட்டை முடிவு செய்வதற்கு முன் நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும்.

அது நடந்தது எந்த ஆண்டு என்பதில் நமக்குள் சண்டை இன்னும் தீரவில்லை. நான் ஸ்டாண்டர்ட் ஃபோர் முடித்த வருடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தீபாவளி முடிந்திருந்தது. பள்ளி விடுமுறை விட்டிருந்தார்கள். மழைக்காலம். லாயாங் லாயாங் ஊர் ரயில் குவார்ட்டர்ஸில் ஒரே வரிசையில் ஆறு வீடுகள், எங்களுடையது மூன்றாவது. முன்னால் முள்வேலி, அதற்கு அப்பால் தண்டவாளம். பின்னால் ஒற்றை ரம்புத்தான் மரம். அது ஆறு வீட்டுக்கும் பொது என்று பெரியவர்கள் சொன்னார்கள். முதலில் எழுந்திருப்பவருக்குச் சொந்தம் என்பது நம் சட்டம்.

சனிக்கிழமைகளில் நாலேகால் சரக்கு வண்டி போன பிறகுதான் விளையாட்டு தொடங்கும். அந்த வண்டி போகும்போது நம் வீட்டு அலமாரிகளில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு பேசுமே, அது அடங்கியதும் அம்மா எங்கள் முன்னறையில் பாயை விரிப்பார். பக்கத்து வீட்டு அத்தை வறுத்த கடலையோடு வருவார். தண்டவாளம் பழுதுபார்க்கும் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவரின் மனைவி. குரல் ஸ்டேஷன் வரை கேட்கும். கடைக்காரப் பாய் மாமா கடையை மகனிடம் விட்டுவிட்டுத் தோளில் துண்டோடு வந்து உட்காருவார். அப்பாவுக்கு சிக்னல் கேபினில் வேலை இல்லாத சனிக்கிழமை என்றால் அவரும் இருப்பார்.

என்ன ஆடுவது என்பதில்தான் சிக்கல். பாய் மாமாவுக்கு டாம். கட்டம் போட்ட பலகையில் சோடா மூடிகளைக் காயாக வைத்து, குத்துக்கல் போல அசையாமல் ஒரு மணி நேரம் யோசிப்பார். அத்தைக்குப் பல்லாங்குழி, மஞ்சாடி விதைகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவார். அம்மாவுக்குத் தாயம். நமக்குப் பாம்பும் ஏணியும். அப்பாவுக்கு அவரே கண்டுபிடித்த 'சிக்னல்'. ஒரு சனிக்கிழமை பேச்சு வளர்ந்து கடைசியில் எதையுமே ஆடாமல் கடலையை மட்டும் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். அதன் பிறகுதான் அம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வோர் ஆட்டத்தின் பெயரையும் சீட்டில் எழுதி உள்ளே போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுக்க வேண்டும். வந்ததை ஆட வேண்டும், முனகக் கூடாது. என் கையெழுத்து மணிமணியாக இருந்ததால் சீட்டு எழுதும் வேலை எனக்கு. எந்தச் சனிக்கிழமை எந்த ஆட்டம், யார் ஜெயித்தார் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்தும் வைத்தேன். இன்றைக்கும் கோயில், பள்ளி, எஸ்டேட் என்று எதையாவது தேதிவாரியாக எழுதிக்கொண்டே இருக்கிறேனே, அதன் தொடக்கம் அந்த நோட்டுதான். இரட்டைத் தண்டவாளம் போடுவதற்காக வீடுகளை இடித்தபோது அது எங்கே போனதோ தெரியவில்லை.

அப்பாவின் சிக்னல் ஆட்டம் உங்களில் பலருக்கு மறந்திருக்கலாம். பயணிகள் இறங்கிப் போகும்போது வாயிலில் கொடுத்துவிட்டுப் போவார்களே, கட்டைவிரல் அகலத்தில் தடித்த அட்டைச் சீட்டுகள், அவற்றில் எரிப்பதற்கு ஒதுக்கிய நாற்பதை அப்பா கேட்டு வாங்கியிருந்தார். அச்சடித்த பக்கத்தில் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைத்தார். மறுபக்கத்தில் மிச்சமிருந்த பெயின்டால் ஒரு வட்டம்: பத்து சிவப்பு, பத்து பச்சை, பத்து மஞ்சள், பத்து வெள்ளை. அவற்றை முகர்ந்தால் பெயின்ட் வாசனையும், அதற்கு அடியில் எத்தனையோ பேருடைய சட்டைப் பை வாசனையும் வரும்.

ஆளுக்கு நான்கு அட்டைகள். வலப்பக்கம் இருப்பவரின் கையிலிருந்து, முகம் பார்க்காமல், முறை வரும்போது ஒன்றை உருவ வேண்டும். நான்கும் ஒரே நிறமாகிவிட்டால் பாயில் ஓங்கி அடித்து "லைன் கிளியர்!", அதாவது வண்டி போக வழி விட்டாயிற்று, என்று கத்த வேண்டும். தப்பாகக் கத்தியவர் தடம் புரண்டவர். அவர்தான் எல்லாருடைய கோப்பிக் குவளைகளையும் கழுவ வேண்டும்.

அந்த வருடம் தீபாவளிக்கு அடுத்த வாரம் என் மாமா, அம்மாவின் தம்பி, சாஆ ஊரிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார். வயது பத்தொன்பது. எஸ்டேட்டில் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். அப்பா ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசி அவருக்கு ரயிலில் ஒரு வேலைக்கு வழி செய்திருந்தார். தண்டவாளத்தைத் திருப்பி விடும் பாயின்ட்ஸ்மேனாகச் சேர்ந்தால் பிறகு கேபினுக்கு வரலாம். ஒரு மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. நாள் குறித்திருந்தார்கள்: தீபாவளிக்குப் பிறகு வரும் ஐந்தாவது திங்கட்கிழமை. அது கிடைத்தால் எஸ்டேட்டை விட்டு வேறு வேலைக்கு வரும் முதல் ஆள் எங்கள் அம்மா வீட்டில் அவர்தான். அம்மா அந்தத் திங்களுக்காகவே அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

முதல் சனிக்கிழமையே டின்னில் சிக்னல் வந்தது. மாமா மூன்று தடவை பாயில் அடித்தார்.

"லைன் கிளியர்!"

"எங்க காட்டு தம்பி" என்று அத்தை அட்டைகளை விரித்தார். "அலமாக்! ரெண்டு செவப்பு, ரெண்டு பச்ச. இது எந்த ஊரு லைன் கிளியர்?"

"ஒரு வண்டி வருது, ஒரு வண்டி நிக்குது, நடுவுல இவரு நிக்குறாரு" என்றார் பாய் மாமா.

மூன்று தடவையும் அதே கதை. அறையே உருண்டு சிரித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே குவளைகளைக் கழுவினார். அப்பா மட்டும், "அவசரம் கூடாது தம்பி. கேபின்ல அவசரப்பட்டா ஆளு செத்துருவான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கற்றுக்கொடுக்கும் குரலில் சொன்னார். அது அவசரம் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை மாமாவும் நானும் ரம்புத்தான் பறிக்கப் போனோம். அவர் மரத்தில், நான் கீழே கூடையோடு. மழை விட்டிருந்தது. கிளையை அசைக்கும்போதெல்லாம் என் தலையில் தண்ணீர் கொட்டியது. கூடை நிறைந்தபோது பார்த்தால் பாதிக்கு மேல் பச்சைக் காய்கள்.

"மாமா, பழமா பறிங்களேன்!"

"பழம்தானே பாப்பா பறிச்சேன்."

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கீழே இறங்கி, கூடையிலிருந்து இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதுல எது பழம், சொல்லு."

தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இரண்டையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். பிறகு வேறு யாருக்கோ சொல்வது போல, "எறும்பு ஏறுனா பழம். கீழ உழுந்தா பழம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அப்ப எஸ்டேட்ல எப்படிக் குலை வெட்டுனீங்க?"

"மரத்தடியில உதிரிப் பழம் கெடக்கும்ல. உதிரி கெடந்தா மேல குலை பழுத்துருச்சு. கலர யாரு பாத்தா?"

எனக்குப் பத்து வயது. சிக்னலையும் வேலையையும் ஒன்றாக முடிச்சுப் போட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போட்டதும் கேட்டேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "கைகாட்டி மேல நின்னா வண்டி நிக்கணும், எறங்குனா போலாம். அத நான் ஒரு மைலுக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்லுவேன். உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத பாப்பா. அக்கா சட்ட தச்சுக்கிட்டிருக்கு."

பகலில் கைகாட்டி தெரியும். இரவில் தெரிவது விளக்கு மட்டும்தான், அதற்கு நிறத்தைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. இது எனக்கு அன்று தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியதா என்று இன்றுவரை தெரியாது.

நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் உதவினேன். அடுத்த சனிக்கிழமை 'சிக்னல்' என்று சீட்டே எழுதவில்லை. டின்னைக் குலுக்கினார்கள், பல்லாங்குழி வந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் எழுதவில்லை, தாயம் வந்தது. மாமா பல்லாங்குழியில் அத்தையைத் தோற்கடித்தார். விதைகளைக் கை நிறைய அள்ளும்போதே எத்தனை என்று அவருக்குத் தெரிந்துவிடும். "இந்தக் கையில தராசு வச்சிருக்கியா தம்பி?" என்று அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அந்த இரண்டு வாரமும் என் வாழ்க்கையிலேயே நான் மிகப் பெரிய ஆளாக இருந்தேன். ஒரு பெரியவரின் மானம் என் பென்சில் முனையில் இருந்தது.

ஆனால் அப்பா கேபின்காரர். எந்த வண்டி வரவில்லை என்பதைக் கவனிப்பதுதான் அவர் தொழில். வியாழக்கிழமை சாப்பிடும்போது சொன்னார்: "ரெண்டு வாரமா நம்ம ஆட்டம் டின்னுல வரல. வர்ற சனிக்கிழம குலுக்கல் கெடையாது. சிக்னல்தான். திங்கக்கிழம தம்பிக்கு டெஸ்ட்டு, ஒரு பழக்கமாவும் இருக்கும்." நல்ல எண்ணத்தில் சொன்னது. மாமாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பிடித்த மழை மறுநாள் விடியும்வரை விடவில்லை. தண்டவாளத்து ஓரக் கால்வாய் நிரம்பி, தண்ணீர் வேலியைத் தாண்டி நம் வாசல்படிக்கு வந்தது. உங்களில் இரண்டு பேர் அதில் காகிதக் கப்பல் விட்டு அடி வாங்கினீர்கள். அப்பா கேபினிலேயே மாட்டிக்கொண்டார். அம்மா சமையலறையில் ஒழுகும் இடங்களுக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார். நானும் மாமாவும் உள்ளறையில். நான் ஓர் ஊக்கை எடுத்து, பத்துப் பச்சை அட்டைகளிலும் எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு குத்து குத்தினேன். எப்படித் திருப்பிப் பிடித்தாலும் கட்டைவிரலுக்கு ஒரு குத்து அகப்படும்.

"இது கள்ளாட்டமாச்சே பாப்பா."

"இல்ல மாமா. மத்தவங்க அட்டையத் தொட்டுப் பாத்தாத்தான் கள்ளாட்டம். இது உங்க கையில இருக்குறதப் பாக்க. கண்ணாடி போட்டுக்கற மாதிரி."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். பச்ச. இல்ல. இல்ல. பச்ச. விளக்கு வைக்கும் நேரம் வரை அதையே செய்தோம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

சனிக்கிழமை. நாலேகால் வண்டி தாமதம். ஐந்து மணிக்கு வந்தது. அதன் பிறகு உட்கார்ந்தோம். மாமாவுக்கு வலப்பக்கம் பக்கத்து வீட்டு அத்தை, இடப்பக்கம் நான். எதிரே அப்பாவும் பாய் மாமாவும்.

ஒரு விஷயத்தை இங்கே நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் எழுதுகிறேன். மாமா வலக்கைக்காரர். அன்று தம் அட்டைகளை வலக்கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தடவினார். அத்தையின் கையிலிருந்து உருவும்போது மட்டும் இடது கையை நீட்டி, இரண்டு விரல் நுனியால், அட்டையின் நடுவிளிம்பைப் பிடித்து இழுத்தார். மூலைப்பக்கம் விரலைக் கொண்டுபோகவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

முதல் ஆட்டம் மாமாவுக்கு. நான்கும் மஞ்சள். பாயில் அடித்த அடியில் கடலைத் தட்டு குதித்தது. அப்பாவின் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்க முடிகிறது. இரண்டாவது ஆட்டம் பாய் மாமாவுக்கு. மூன்றாவது மறுபடியும் மாமா, நான்கும் பச்சை. "திங்கக்கிழம டாக்டரே எந்திரிச்சு நின்னு சலாம் போடுவாரு" என்றார் பாய் மாமா. அம்மா கதவோரம் நின்று சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே சிரித்தார்.

நான்காவது ஆட்டத்துக்கு அட்டைகளைக் கலைத்துப் போட்டது அத்தை. அரிசியில் கல் பொறுக்கிப் பொறுக்கிப் பழகிய விரல்கள். கலைத்துக்கொண்டிருந்தவர் நின்றார். ஓர் அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஒவ்வொரு பச்சையாக எடுத்துத் தடவினார்.

"என்னா இது, ஊக்குக் குத்து? எல்லாப் பச்சயிலயும் இருக்கு."

எல்லாருடைய கண்ணும் இரண்டு ஆட்டம் ஜெயித்தவர் பக்கம் போயிற்று. மூன்று வாரத்துக்கு முன் சிவப்பையும் பச்சையையும் கலந்து வைத்துக்கொண்டு கத்தியவர், இன்று ஒரு தப்புகூடச் செய்யாமல் ஜெயித்திருக்கிறார்.

அப்பா அட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார். "யாரு குத்துனது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். என்ன சொல்வது? நான்தான் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குப் பதில், வெள்ளைச் சட்டையையும் திங்கட்கிழமையையும் சேர்த்து விழுங்கிவிடும். அந்த ஒரு நொடியில் மாமாவின் பாதம் என் பாதத்தின் மேல் வந்து அழுத்தியது.

"நான்தான் அத்தான்" என்றார். "சும்மா வெளையாட்டுக்கு."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அட்டைகளைப் பொறுக்கி, நாற்பதும் இருக்கிறதா என்று எண்ணி, டின்னில் போட்டு மூடினார். "வெளையாட்டுல பொய் சொல்றவன் கையில நான் எப்படித் தம்பி லைனக் குடுக்கறது?" என்றார். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குப் போய்த் தம் சிபாரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். அன்று பிற்பகல் மாமா தகரப்பெட்டியோடு வடக்கே போகும் வண்டியில் ஏறினார். பாலோ தாண்டி, லாபிஸில் இறங்கி, அங்கிருந்து சாஆவுக்கு பஸ். அம்மா அந்தச் சட்டையைக் கடைசிப் பொத்தான் தைக்காமலேயே மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பினார். பெட்டியை மூடும்போது மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல்.

பிஸ்கட் டின் அதன் பிறகும் குலுங்கியது. சிக்னல் ஆட்டம் திரும்ப வரவில்லை. நான் சீட்டு எழுதாததால் அல்ல, யாரும் கேட்காததால். நோட்டில் அந்தச் சனிக்கிழமைக்கு நேரே 'மழை இல்லை' என்று மட்டும் எழுதினேன். நான் எழுதிய குறிப்புகளிலேயே மிகவும் உண்மையானதும் மிகவும் கோழைத்தனமானதும் அதுதான்.

மாமா செம்பனைத் தோட்டத்திலேயே முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார், குலை வெட்டுவதில் பேர் வாங்கினார், மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பரிதாபத்துக்குரிய வாழ்க்கை இல்லை அது. ஆனால் 'கள்ளாட்டம்' என்ற பெயர் அவரோடு வண்டியேறிச் சாஆவுக்கும் போய்விட்டது, அத்தையின் குரல் அவ்வளவு தூரம் கேட்கும்.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள். குளுவாங்கில் எங்கள் வீட்டு வாசலில் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். எதையோ பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உன் மாமன் அன்னிக்கு எடது கையால எடுத்தான். கவனிச்சியா பாப்பா?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. அதுவே அவருக்குப் பதிலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் வாய், "ஞாபகம் இல்லப்பா" என்றது. தேதி சொல்லி மணி சொல்லி மழை சொல்லும் மகள், ஞாபகம் இல்லை என்கிறாள். அப்பா தலையை ஆட்டினார். "கள்ளாட்டம் ஆடுறவன் எதுக்கு எடது கையால எடுக்கணும்?" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த ஆண்டு அவர் இல்லை. இத்தனை வருடமாக அவர் தனியாக அந்த ஒரு கையை யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு வார்த்தையில் நான் அவருக்கு லைன் கிளியர் கொடுத்திருக்கலாம்.

என் மகனுக்குப் பதினேழு வயதில் கண் பரிசோதனை செய்தார்கள். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தில் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. தாய்வழியாக வருவது, பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் தெரியவரும் என்று டாக்டர் விளக்கினார். நான் சிரித்ததைப் பார்த்து அவர் கொஞ்சம் பயந்துபோனார். அவன் இன்று சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருக்கிறான். மனைவியைக் கேட்டுச் சட்டை எடுக்கிறான், கேட்பதில் அவனுக்கு வெட்கம் இல்லை.

குழுவில் அந்தப் பதினொரு சிரிப்பைப் பார்த்த அன்றே மாமாவுக்குப் போன் செய்தேன். இப்போது குளுவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். எல்லாவற்றையும் எழுதிவிடப் போகிறேன், உங்கள் சம்மதம் வேண்டும் என்றேன்.

"இன்னும் அதையா நெனச்சுக்கிட்டிருக்க?" என்று சிரித்தார். "எழுது, எழுது. எனக்கு என்னா. கலர் தெரியாதவன்னு அன்னிக்குச் சொல்லியிருந்தா எல்லாரும் ஐயோ பாவம்னுருப்பாங்க. கள்ளன்னு சொன்னதால எங்கூட ஆட நாலு பேரு பயந்தாங்க. அது நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா."

"வேலை போயிருச்சே மாமா. என்னாலதானே?"

பின்னால் ஓடிய டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்: "உன்னால இல்ல. அதுக்கு மொத நாளே நான் முடிவு பண்ணிட்டேன். வெள்ளிக்கிழம பொழுது சாய பிளாட்பாரக் கடைசி வரைக்கும் நடந்து போய் சிக்னல் வெளக்கப் பாத்தேன். செவப்பா பச்சயான்னு தெரியல. நமக்கு இது சரிப்படாதுன்னு அங்கயே முடிவு. உங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டிருந்தேன், உன் ஊக்கு வந்து காப்பாத்திருச்சு. நிம்மதியா இரு."

நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஐம்பது வருடமாக நெஞ்சில் இருந்தது இறங்கிவிட்டதாகவே நினைத்தேன். தேநீர் போட்டேன். குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நாள்கள் தாமாக வரிசையில் வந்து நின்றன.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மழை. வாசல்படியில் வெள்ளம். விளக்கு வைக்கும் நேரம் வரை அவர் கண்ணை மூடிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து பச்ச, இல்ல, பச்ச என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகும் விடியும்வரை யாரும் வெளியே காலடி வைக்கவில்லை. பிளாட்பாரத்துக்கு அவர் போகவே இல்லை.

ஆக, இரண்டாவது தடவையாக என் ஊக்குக் குத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டார். அவரைத் திரும்ப அழைத்துத் தேதியைச் சொல்லித் திருத்தவில்லை. இத்தனை வருடத்தில் நான் திருத்தாமல் விட்ட ஒரே தேதி அது.

சனிக்கிழமைக்கு விளையாட்டு முடிவாகிவிட்டது, குலுக்கல் கிடையாது. சிக்னல்தான். பேரனுடைய மரக்குதிரைகளை எடுத்து வருபவர் வரட்டும், வேடிக்கை பார்க்கலாம். தடித்த அட்டையில் நாற்பது வெட்டி, பழுப்புக் காகிதம் ஒட்டி, வட்டம் போட்டுக் காயவைத்திருக்கிறேன். பத்துப் பச்சை வட்டங்களின் குறுக்கே மட்டும் கறுப்பு மையில் தடித்த கோடு ஒன்று. முகப்பில்தான் இருக்கிறது, வைத்திருப்பவருக்குத் தெரியும், உருவுபவருக்குத் தெரியாது. யாருக்கும் பாதகமில்லை. பத்து வயதில் இந்தக் கோட்டைப் போட எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் கோடு போட்டால் அது எதற்கு என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது சொல்லிவிட்டேன். அவருக்கு வலப்பக்கம் நான் உட்காருகிறேன். எந்தக் கையால் வேண்டுமானாலும் எடுக்கட்டும்.